மேற்குச் சகாராவில் நடைபெறாத பொது வாக்கெடுப்பு: பன்னாட்டு ஆதரவின் சொல்லும் செயலும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மேற்குச் சகாராவின் எதிர்காலத்தை அம்மண்ணின் மக்களே பொது வாக்கெடுப்பின் வழித் தீர்மானிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1966 இல் கூறியது. அந்த வாக்கெடுப்பு இன்றுவரை நடைபெறவில்லை. மொராக்கோவின் எதிர்ப்பும் வல்லரசுகளின் நலன்களுமே இதற்குக் காரணங்களாகப் பெரும்பாலும் சுட்டப்படுகின்றன. அவற்றோடு, ஆதரவு தெரிவித்த ஆவணங்களின் சொல்லமைப்பிலேயே தோல்விக்கான விதை இருந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. 1966 முதல் 2025 வரையிலான முதன்மைத் தீர்மானங்களும் நீதிமன்றக் கருத்துரைகளும் ஆராயப்படுகின்றன. கிழக்குத் திமோரின் 1999 ஆம் ஆண்டு வாக்கெடுப்பு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மேற்குச் சகாரா, சுயநிர்ணய உரிமை, பொது வாக்கெடுப்பு, தன்னாட்சி, பாதுகாப்பு அவை, போலிசாரியோ முன்னணி, கிழக்குத் திமோர்.

முன்னுரை

ஒரு நிலப்பகுதியின் மக்கள் தம் அரசியல் எதிர்காலத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை சுயநிர்ணய உரிமை எனப்படும். ஓர் அரசின் இறையாண்மைக்குள் இருந்துகொண்டே உள்விவகாரங்களைத் தாமே ஆளும் ஏற்பாடு தன்னாட்சி எனப்படும். முன்னது தீர்மானிக்கும் முறை. பின்னது தீர்மானத்தின் விளைவாக அமையக்கூடிய பல நிலைகளுள் ஒன்று. தமிழில் இவ்விரு சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாகக் கையாளப்படும்போது வேறுபாடு மறைந்துவிடுகிறது. மேற்குச் சகாரா பற்றிய பன்னாட்டு ஆவணங்களிலும் இத்தகைய மறைவு படிப்படியாக நிகழ்ந்துள்ளது. அங்கு அது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. எனவே இச்சிக்கலை ஆராய்வோர் யார் யாரை ஆதரித்தனர் என்பதோடு, எதை எச்சொல்லால் ஆதரித்தனர் என்பதையும் நோக்க வேண்டியுள்ளது.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையில் ஏறத்தாழ 2,66,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய மேற்குச் சகாரா, 1884 முதல் ஸ்பெயினின் ஆளுகையில் இருந்தது. 1963 இல் ஐக்கிய நாடுகள் அவையின் தன்னாட்சி பெறாத நிலப்பகுதிகள் பட்டியலில் இடம்பெற்றது. இன்றும் அப்பட்டியலில் நீடிக்கிறது. பாஸ்பேட் கனிமமும் வளமான மீன்பிடிக் கடற்பரப்பும் அதன் பொருளாதார முக்கியத்துவத்துக்குக் காரணங்கள்.

உரிமை வகுக்கப்பட்ட காலம் (1960–1975)

குடியேற்ற நாடுகளுக்கு விடுதலை வழங்குவது பற்றிய 1514 ஆம் தீர்மானம் 1960 டிசம்பர் 14 அன்று நிறைவேறியது. அதன் தொடர்ச்சியாக 1966 இல் பொதுப்பேரவை நிறைவேற்றிய 2229 ஆம் தீர்மானம், ஐக்கிய நாடுகள் அவையின் மேற்பார்வையில் பொது வாக்கெடுப்பு நடத்துமாறு ஸ்பெயினைக் கோரியது. அம்மண்ணின் பூர்வகுடியினர் மட்டுமே வாக்களிப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்றும் அது கூறியது. ஆனால் வாக்கெடுப்புக்கான நடைமுறைகளை மொராக்கோவையும் மொரித்தானியாவையும் கலந்தே வகுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே தீர்மானத்தில் இடம்பெற்றது. நிலத்தின்மீது உரிமை கோரிய இரு அண்டை நாடுகளுக்கு, வாக்கெடுப்பின் விதிகளை வகுப்பதில் தொடக்கத்திலேயே இடம் கொடுக்கப்பட்டதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1974 இல் ஸ்பெயின் வாக்கெடுப்பு நடத்தப்போவதாக அறிவித்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் மேற்கொண்டது. அக்கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 சகராவியர் பதிவாயினர். மொராக்கோ இதனை எதிர்த்த நிலையில், பொதுப்பேரவை பன்னாட்டு நீதிமன்றத்தின் அறிவுரைக் கருத்தை நாடியது. 1975 அக்டோபர் 16 அன்று வெளியான கருத்துரை மூன்று முடிவுகளைத் தந்தது. முதலாவது, ஸ்பெயினின் வருகைக்கு முன் அந்நிலம் உரிமையாளர் அற்ற நிலமாக இருக்கவில்லை. இரண்டாவது, சில குலத்தாருக்கும் மொராக்கோ சுல்தானுக்கும் இடையே விசுவாசப் பிணைப்புகள் இருந்தன. மொரித்தானியப் பகுதியோடும் சில உரிமைப் பிணைப்புகள் இருந்தன. மூன்றாவது, இவற்றுள் எதுவும் நிலத்தின் மீதான இறையாண்மைப் பிணைப்பு அன்று. எனவே மக்களின் சுயநிர்ணய உரிமையை இவை பாதிக்கமாட்டா.

இரண்டாவது முடிவை மட்டும் எடுத்துக்கொண்ட மன்னர் இரண்டாம் ஹசன், மூன்றாவது முடிவை ஒதுக்கிவிட்டுப் பசுமைப் பேரணியை அறிவித்தார். 1975 நவம்பர் 6 அன்று ஏறத்தாழ 3,50,000 மொராக்கோ மக்கள் எல்லையை நோக்கி நகர்த்தப்பட்டனர். பாதுகாப்பு அவையின் 380 ஆம் தீர்மானம் அப்பேரணிக்கு வருத்தம் தெரிவித்துத் திரும்பப் பெறுமாறு கோரியது. எட்டு நாட்களில் மாட்ரிட் உடன்பாடு கையெழுத்தானது. ஸ்பெயின் விலகியது, நிலம் மொராக்கோவுக்கும் மொரித்தானியாவுக்கும் இடையே பங்கிடப்பட்டது. இவ்வுடன்பாடு இறையாண்மையை மாற்றித் தரவில்லை என்று ஐக்கிய நாடுகள் அவையின் சட்டத்துறைத் துணைப் பொதுச்செயலர் ஹான்ஸ் கோரெல் 2002 இல் தெளிவுபடுத்தினார். ஆயினும் அத்தெளிவு வந்தபோது கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

வாக்காளர் யார் என்னும் வினா (1976–2000)

1973 இல் தோன்றிய போலிசாரியோ முன்னணி, 1976 பிப்ரவரி 27 அன்று சகராவி அரபுச் சனநாயகக் குடியரசை அறிவித்தது. மொரித்தானியா 1979 இல் போரிலிருந்து விலகியது. அவ்வாண்டே பொதுப்பேரவையின் 34/37 ஆம் தீர்மானம் முன்னணியை மேற்குச் சகாரா மக்களின் பிரதிநிதியாக ஏற்றது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு குடியரசை உறுப்பினராக ஏற்றதை அடுத்து 1984 இல் மொராக்கோ அவ்வமைப்பைவிட்டு வெளியேறியது. இந்தியா 1985 இல் குடியரசை ஏற்று, 2000 ஆம் ஆண்டில் அவ்வேற்பைத் திரும்பப் பெற்றது. ஏற்பு என்பது நிலையான ஆதரவு அன்று என்பதற்கு இந்நிகழ்வு ஒரு சான்று.

இரு தரப்பும் 1988 இல் கொள்கையளவில் ஏற்ற தீர்வுத் திட்டத்தின் அடிப்படையில், 1991 ஏப்ரல் 29 அன்று பாதுகாப்பு அவை தன் 690 ஆம் தீர்மானத்தின் வழி மினுர்சோ என்னும் தூதுக்குழுவை நிறுவியது. மேற்குச் சகாராவில் பொது வாக்கெடுப்புக்கான ஐக்கிய நாடுகள் தூதுக்குழு என்பதே அப்பெயரின் விரிவு. 1991 செப்டம்பர் 6 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. 1992 சனவரியில் வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று திட்டமிடப்பட்டிருந்தது. விடுதலை, மொராக்கோவுடன் இணைப்பு என்னும் இரண்டே தெரிவுகள் வாக்குச்சீட்டில் இருக்க வேண்டும்.

தெரிவுகள் தெளிவாக இருந்தன. தேர்வோர் யார் என்பதே தெளிவின்றி இருந்தது. 1974 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே அடிப்படை என்றது முன்னணி. குடியேற்ற ஆட்சியின்போது வெளியேறியவர்களும், அக்குலங்களோடு தொடர்புடையவர்களும் சேர்க்கப்பட வேண்டும் என்றது மொராக்கோ. 1991 டிசம்பரில், பதவிக்காலத்தின் இறுதி நாட்களில், பொதுச்செயலர் பெரெஸ் தெ குவேயர் தகுதி அளவுகோல்களை விரிவாக்கி அறிக்கை தந்தார். முன்னணி அதனை எதிர்த்தது. 1994 இல் தொடங்கிய அடையாளங்காணும் பணி, ஒவ்வொரு குலத்தின் மூத்தோரையும் சாட்சிகளாக அமர்த்தி, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் வாய்மொழிச் சான்றால் சோதித்தது. இடையில் தடைப்பட்ட அப்பணியை, பொதுச்செயலரின் தனித்தூதர் ஜேம்ஸ் பேக்கர் 1997 இல் ஹியூஸ்டன் உடன்பாட்டின் வழி மீட்டெடுத்தார்.

பணி நிறைவுற்றபோது தகுதியுடையோராக ஏறத்தாழ 86,000 பேர் காணப்பட்டனர். நிராகரிக்கப்பட்டோர் சார்பில் 1,30,000-க்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் வந்தன. பட்டியல் ஆயத்தமாக இருந்தும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. மேல்முறையீடுகளை முடிக்க ஆண்டுகள் ஆகும் என்பதும், தோற்கும் தரப்பை முடிவை ஏற்கவைக்கத் திட்டத்தில் வழி இல்லை என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இங்கு ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது காரணம் 1991 இலும் இருந்தது. திட்டம் இரு தரப்பின் இசைவை மட்டுமே நம்பியிருந்தது. இசைவு பின்வாங்கப்பட்டால் என் செய்வது என்ற விதி அதில் இல்லை. 1966 இல் நடைமுறையை வகுப்பதில் உரிமை கோருவோருக்குத் தரப்பட்ட இடம், 1991 இல் மறுப்புரிமையாக வளர்ந்திருந்தது. அதனைக் கட்டுப்படுத்த எவரும் முன்வரவில்லை.

மக்களிலிருந்து தரப்புகளுக்கு (2001–2025)

முட்டுக்கட்டையை அகற்ற 2001 இல் பேக்கர் முன்வைத்த முதல் திட்டத்தை முன்னணி ஏற்கவில்லை. 2003 இல் அவர் தந்த இரண்டாம் திட்டம், நான்கு முதல் ஐந்தாண்டுத் தன்னாட்சிக்குப் பின் வாக்கெடுப்பு என்ற முறையை வகுத்தது. 1999 இறுதியிலிருந்து அங்குத் தொடர்ந்து வாழ்வோருக்கும் வாக்குரிமை உண்டு என்றது. மொராக்கோவிலிருந்து குடியேறியோருக்கும் இதனால் வாக்குரிமை கிட்டும். இவ்வளவு விட்டுக்கொடுப்பையும் முன்னணி இறுதியில் ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பு அவை 1495 ஆம் தீர்மானத்தால் ஆதரித்தது. விடுதலை என்ற தெரிவு வாக்குச்சீட்டில் இருக்கும்வரை ஏற்க இயலாது என்று மொராக்கோ மறுத்தது. 2004 சூனில் பேக்கர் பதவி விலகினார்.

அவ்விலகலை அடுத்து ஆவணங்களின் மொழி மாறத் தொடங்கியது. 2007 ஏப்ரலில் மொராக்கோ தன்னாட்சித் திட்டத்தை அளித்தது. அதே மாதத்தில் நிறைவேறிய 1754 ஆம் தீர்மானம், மொராக்கோவின் முயற்சிகளைக் கருத்தூன்றியவை, நம்பத்தக்கவை என்று பாராட்டியது. முன்னணியின் முன்மொழிவைக் குறித்துக்கொண்டது. இரு தரப்பும் ஏற்கும் அரசியல் தீர்வு, மக்களின் சுயநிர்ணயத்துக்கு வழிவகுக்கும் தீர்வு என்ற இரட்டைத் தொடர் இதன்பின் ஆண்டுதோறும் திரும்பத்திரும்ப வந்தது. 2018 முதல் நடைமுறைக்கு ஏற்ற தன்மை, சமரசம் ஆகிய அடைமொழிகளும் சேர்ந்தன.

இத்தொடரின் இலக்கணத்தை ஆராய்ந்தால் மாற்றம் புலப்படும். 1966 ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் முடிவெடுக்கும் எழுவாய் மக்கள். 2007 ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் முடிவெடுக்கும் எழுவாய் தரப்புகள். மக்களின் உரிமை, தரப்புகள் எட்டும் தீர்வின் பண்பாகச் சுருங்கிவிட்டது. சுயநிர்ணயம் என்ற சொல் நீக்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது. சொல் அப்படியே இருந்ததால் ஆதரவு தொடர்வதாகப் பலரும் கருதினர்.

2020 நவம்பரில் கெர்கெராத் எல்லைப்பகுதியில் ஏற்பட்ட மோதலை அடுத்துப் போர்நிறுத்தம் முறிந்தது. டிசம்பர் 10 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் மொராக்கோவின் இறையாண்மையை ஏற்றார். 2022 இல் ஸ்பெயினும், 2024 சூலையில் பிரான்சும், 2025 சூனில் பிரிட்டனும் தன்னாட்சித் திட்டத்துக்கு வெவ்வேறு அளவில் ஆதரவளித்தன. 2025 அக்டோபர் 31 அன்று 11 வாக்குகளுடன் நிறைவேறிய 2797 ஆம் தீர்மானம், மொராக்கோவின் திட்டத்தைப் பேச்சுவார்த்தையின் அடிப்படையாக ஏற்றது. உருசியா, சீனா, பாகிஸ்தான் ஆகியவை வாக்களிப்பிலிருந்து விலகி நின்றன. அல்ஜீரியா வாக்கெடுப்பில் பங்குகொள்ளவில்லை. இத்தீர்மானத்திலும் சுயநிர்ணயம் என்ற சொல் உள்ளது. தூதுக்குழுவின் பெயரிலும் பொது வாக்கெடுப்பு என்ற சொல் உள்ளது. 2025 ஐத் திருப்புமுனையாகக் கொள்வோர் பலர். மேற்கண்ட வாசிப்பின்படி அது 2007 இல் நிகழ்ந்த எழுவாய் மாற்றத்தின் முதிர்ச்சியே.

கிழக்குத் திமோர்: ஓர் ஒப்பீடு

கிழக்குத் திமோரும் 1975 இலேயே அண்டை நாட்டின் படையெடுப்புக்கு உள்ளானது. அங்கும் பொதுப்பேரவையும் பாதுகாப்பு அவையும் கண்டனம் தெரிவித்தன. அங்கும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் இணைப்பை ஏற்றன. இரு தசாப்தங்கள் வரை அதன் நிலையும் மேற்குச் சகாராவின் நிலையும் ஏறத்தாழ ஒன்றே.

வேறுபாடு 1999 இல் தோன்றியது. ஆசியப் பொருளாதார நெருக்கடியும் 1998 இல் சுகார்த்தோவின் வீழ்ச்சியும் இந்தோனேசியாவின் நிலைப்பாட்டை மாற்றின. 1999 மே 5 அன்று இந்தோனேசியா, போர்த்துகல், ஐக்கிய நாடுகள் அவை ஆகியவை உடன்பாடு செய்துகொண்டன. வாக்காளர் தகுதி குலவழிச் சாட்சியத்தை நாடவில்லை. அம்மண்ணில் பிறந்தவர், அங்குப் பிறந்த பெற்றோரை உடையவர், அத்தகையோரின் வாழ்க்கைத்துணை என்ற எளிய விதி போதுமானதாயிற்று. ஆகஸ்ட் 30 அன்று பதிவுசெய்தோரில் 98.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர், 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவுக்குள் சிறப்புத் தன்னாட்சி என்ற முன்மொழிவை நிராகரித்தனர். தொடர்ந்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதுகாப்பு அவை 1264 ஆம் தீர்மானத்தின் வழிப் பன்னாட்டுப் படையை அனுமதித்த பின்னரே முடிவு நிலைபெற்றது.

இவ்வொப்பீடு இரு செய்திகளைத் தருகிறது. முதலாவது, வாக்கெடுப்பின் பாதுகாப்பை ஆதிக்கம் செலுத்தும் அரசின் கையிலேயே விட்டுவிட்ட குறை கிழக்குத் திமோரிலும் இருந்தது. அதன் விலையை மக்கள் உயிரால் கொடுத்தனர். எனவே அதனைக் குறையற்ற முன்மாதிரியாகக் கொள்ள இயலாது. இரண்டாவது செய்தி இன்னும் முதன்மையானது. கிழக்குத் திமோரில் தன்னாட்சி என்பது மக்கள்முன் வைக்கப்பட்ட வினா. மேற்குச் சகாராவில் தன்னாட்சி என்பது பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே தரப்பட்ட விடை. மொராக்கோவின் 2007 ஆம் ஆண்டுத் திட்டத்திலும் வாக்கெடுப்பு உண்டு. ஆனால் அது பேசி முடித்த தன்னாட்சியை உறுதிப்படுத்தும் வாக்கெடுப்பு. விடுதலையைத் தெரிவாக அது வழங்கவில்லை. ஒரே சொல் இருவேறு செயல்களைக் குறிப்பதை ஆய்வாளர்கள் பிரித்தறிய வேண்டும்.

மக்கள் என்ற சொல்லும் நீதிமன்றமும்

அரசுகளின் மொழி தளர்ந்துவந்த அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் மொழி இறுகிவந்தது. மேற்குச் சகாரா மொராக்கோவிலிருந்து தனித்த, வேறான நிலை உடையது என்று 2016 இல் அது கூறியது. ஒன்றியமும் மொராக்கோவும் செய்துகொண்ட மீன்பிடி, வேளாண் வணிக உடன்பாடுகள் மேற்குச் சகாரா மக்களின் இசைவு பெறாதவை என்பதால் செல்லாதவை என்று 2024 அக்டோபர் 4 அன்று தீர்ப்பளித்தது. அந்நிலத்தில் இப்போது வாழ்வோரைக் கலந்துகொண்டதை மக்களின் இசைவாகக் கொள்ள இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

தமிழில் மக்கள் என்ற ஒரே சொல் இவ்விரு பொருளையும் தாங்கிநிற்கிறது. சுயநிர்ணய உரிமை உடைய மக்களினம் வேறு. ஒரு காலத்தில் ஓரிடத்தில் குடியிருப்போர் வேறு. சகராவியருள் பெரும்பகுதியினர் இன்று அந்நிலத்தில் இல்லை. அல்ஜீரியாவின் டிண்டூஃப் அருகிலுள்ள முகாம்களில் ஏறத்தாழ 1,73,000 பேர் வாழ்வதாக 2018 இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மதிப்பிட்டன. ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளமுள்ள மணற்சுவர் அவர்களையும் அவர்தம் உறவினரையும் பிரிக்கிறது. வாக்கெடுப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு தசாப்தத்திலும் குடியிருப்போர் பெருகுகின்றனர், மக்களினத்தார் சிதறுகின்றனர். காலம் இங்கு நடுநிலையானதன்று. ஆண்டுதோறும் தூதுக்குழுவின் காலத்தை நீட்டித்தலும் நடுநிலைச் செயலாக அமைவதில்லை.

மாற்றுக் கருத்துகள்

வாக்கெடுப்பு நடைமுறைக்கு ஒவ்வாதது, வெற்றியாளரும் தோற்றவரும் உருவாகும் முறை அப்பகுதியின் அமைதியைக் குலைக்கும் என்ற வாதம் வலுவுடையது. கிழக்குத் திமோரின் இரத்தக்களரி இதற்குத் துணைநிற்கும். வாக்காளர் பட்டியல் குறித்த பிணக்கில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு என்பதும் மறுக்க முடியாதது. ஆயினும் பட்டியல் 2000 இல் ஆயத்தமாக இருந்தது என்ற உண்மை, நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற சொல்லை மறுவாசிப்புக்கு உட்படுத்துகிறது. இயலாமை, விருப்பமின்மை ஆகிய இரண்டும் ஒன்றல்ல. 2013 இல் மினுர்சோவின் பணியில் மனித உரிமைக் கண்காணிப்பைச் சேர்க்க அமெரிக்கா முன்மொழிந்து, மொராக்கோவின் எதிர்ப்புக்குப் பின் கைவிட்டதும் இவ்வகையைச் சார்ந்ததே. வாக்கெடுப்பைவிடச் சிறிய ஒரு பொறுப்பைக்கூட ஏற்க அவை முன்வரவில்லை.

தன்னாட்சியே மக்களின் விருப்பமாகவும் இருக்கக்கூடும். அதனை மறுக்க எவருக்கும் உரிமை இல்லை. அவ்வாறாயின், விடுதலையையும் ஒரு தெரிவாகக் கொண்ட வாக்குச்சீட்டில் அதனை வைப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

முடிவுரை

மேற்குச் சகாரா வாக்கெடுப்புக்குக் கிடைத்த பன்னாட்டு ஆதரவு பொய்யானது என்று கூற இயலாது. அது சொல்லளவில் முழுமையாகவும் செயல்முறை அளவில் குறையாகவும் இருந்தது. யார் வாக்களிப்பர், எவ்வினா கேட்கப்படும், முடிவை யார் காப்பர், ஒரு தரப்பு மறுத்தால் என் செய்வது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை தருவதே ஆதரவின் அளவுகோல். 1966 ஆம் ஆண்டுத் தீர்மானம் முதல் வினாவுக்கு மட்டும் விடை தந்தது. 1991 ஆம் ஆண்டுத் திட்டம் இரண்டாம் வினாவுக்கு விடை தந்து, முதல் வினாவைப் பிணக்குக்கு உரியதாக்கியது. 2007 க்குப் பிந்தைய ஆவணங்கள் இரண்டாம் வினாவையும் கைவிட்டன. நான்காம் வினாவை எந்த ஆவணமும் எதிர்கொள்ளவில்லை.

ஆகவே ஒரு பன்னாட்டு ஆவணம் சுயநிர்ணய உரிமையை ஆதரிக்கிறது என்று மேற்கோள் காட்டும் ஆய்வு, அச்சொல் ஆவணத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. அவ்வாக்கியத்தில் முடிவெடுக்கும் எழுவாய் யார் என்பதையும் காண வேண்டும். மேற்குச் சகாராவில் சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. எழுவாயாக இருந்த மக்களில் ஒரு தலைமுறை, டிண்டூஃப் முகாம்களில் பிறந்து, வாக்குச்சீட்டைக் காணாமலேயே நடுவயதை எட்டிவிட்டது.